கண்ணுக்கு எட்டும் தூரம்

என் வீட்டு மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரப் பையனை ஒரு திங்கட்கிழமை இந்த ஊர் சாமியாக்கிவிட்டது. ஆக்கியது ஊர்தான். ஆனால் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி என்னுடையது, போட்டுக் கொடுத்ததும் நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜாஹிரா. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், புடவைக்கு ஃபால்ஸ். பெண்கள் உள்ளே வருவார்கள். ஆண்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று துணியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். வீட்டில் ஆண் துணை இல்லை. என் கணவர் கவுஸ் பாஷா ரியாத்தில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், கொண்டுவந்த சூட்கேஸ் முழுசாகக் காலியாவதற்குள் திரும்பக் கிளம்பிவிடுவார். மகள் உம்மே ஹானியை ஆம்பூரில் கொடுத்திருக்கிறேன். ஆக, கீழே நான், மேலே வாடகைக்கு வருகிறவர்கள். மாடிப்படி கேட்டுக்கு வெளியே, தனி.

புரோக்கர் தசரதன் இந்த இரண்டு பேரையும் கூட்டி வந்தபோது மெடிக்கல் ரெப் என்றுதான் நினைத்தேன். வெள்ளைச் சட்டை, டை, தோளில் பை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை. ஒருவன் நம் நிறம், ராஜமுந்திரிப் பக்கத்துப் பையன் சுதாகர். இன்னொருவன் அமெரிக்காவில் ஐடஹோ என்ற ஊர்க்காரன். உருளைக்கிழங்கு விளைகிற ஊராம். இரண்டு பேர் அட்டையிலும் பெயருக்கு முன்னால் எல்டர் என்று போட்டிருந்தது. எல்டர் என்றால் பெரியவர். மீசை சரியாக முளைக்காத இந்தப் பெரியவர்கள் மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள், ஊழியம் செய்ய வந்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வெள்ளைக்காரப் பையனின் அட்டையில் விட்லாக் என்று இருந்தது. எனக்கு அது வாயில் நுழையவில்லை. மாடிப் பையன் என்றே வைத்துக்கொண்டேன்.

இந்த ஊரில் வெள்ளைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கதர் பைஜாமாவும் ருத்ராட்சமுமாக ஆசிரமத்துப் பக்கம் எங்கே பார்த்தாலும் இருப்பார்கள். எல்லோரும் எதையோ தேடி வந்தவர்கள். ஆட்டோக்காரன் முதல் இளநீர்க்காரி வரை அவர்களிடம் பேசத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இவன் ஒருவன்தான் கொடுக்க வந்தவன். வாங்கத்தான் ஆளில்லை. இவர்கள் தாங்களாகப் போய்க் கதவைத் தட்டுவதில்லை, யாராவது கேட்டால்தான் சொல்வார்கள். இந்த ஊரில் யார் கேட்கப்போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபைக்காரரான முருகையன் என்பவரின் குடும்பத்தோடு அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு வருவார்கள். மற்ற நாளெல்லாம் வெயிலில் நடப்பார்கள். காபி, டீ குடிக்க மாட்டார்கள். அதனால் யார் வீட்டிலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காரக் காரணம் இல்லாமல் போய்விடும்.

வந்த புதிதில் ஒருநாள் கேஸ் அடுப்பு எரியவில்லை என்று மாடிப் பையன் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். படித்து வந்த தமிழில், "அக்கா, உள்ளே ஆம்பளைங்க இருக்காங்களா?" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செருப்பைக் கழற்றலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு சுதாகர் ஓடி வந்து விளக்கினான். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் காலை வைக்கக் கூடாதாம். அவர்கள் சபையின் சட்டம்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு இன்னா? நானும்தான் உள்ள விட மாட்டேன்," என்றேன்.

அந்தப் பையன் நிம்மதியாகச் சிரித்தான். அன்றிலிருந்து எங்கள் பேச்சு எல்லாம் கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ஊரில் வேறு யாருக்கும் புரியாத ஒரு விஷயம் எங்கள் இருவருக்கும் புரிந்திருந்தது.

இன்னும் ஒரு சட்டம் இருந்தது. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். இரண்டு பேரும் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது. கடைக்குப் போனாலும், துணி காயப்போட்டாலும், ஒருவர் மற்றவரின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். கேட்டபோது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. தனியாக இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டு ஆளையும் அனுப்பிவைக்கிறார்களே என்று. ஆனால் மாடியில் நடக்கும் சத்தம் எல்லாம் எனக்குக் கேட்கும். காலடிச் சத்தம் இரண்டு கேட்கும், பேச்சுச் சத்தம் கேட்காது. சண்டை ஒன்றும் இல்லை. சுதாகர் அவன் வீட்டு நினைப்பில் இருந்தான், இவன் இவன் வீட்டு நினைப்பில் இருந்தான், அவ்வளவுதான்.

ஹானி ஒரு தடவை குழந்தையோடு வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே நின்ற இவனைப் பார்த்ததும் என் பேரன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவினான். இவன் சிரித்துக்கொண்டே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். குழந்தைகளைத் தூக்குவதற்கும் தடையாம். "வீட்ல தங்கச்சி இருக்கு அக்கா, சின்னது," என்று மட்டும் சொன்னான். கை பின்னாலேயே இருந்தது. பாவம் என்று தோன்றியது எனக்கு. மாதக்கணக்கில் ஒருவர் கையும் மேலே படாமல் இருந்தால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவர்களுக்கு விடுமுறை. துணி துவைப்பார்கள், சாயங்காலம் வீட்டோடு வீடியோவில் பேசுவார்கள். அங்கே விடிகிற நேரம், இங்கே மலைக்குப் பின்னால் பொழுது சாய்கிற நேரம். சிக்னலுக்காக இவன் மொட்டை மாடிக்குப் போய்ச் சத்தமாகப் பேசுவான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே அது முழுசாகப் புரிந்துவிடும். எல்லாம் நன்றாக இருக்கிறது அம்மா. சாப்பாடு நன்றாக இருக்கிறது அம்மா. எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள் அம்மா. பேசி முடித்தபின் வெகுநேரம் கீழே இறங்க மாட்டான். வெள்ளிக்கிழமை நானும் ரியாத்துக்கு இதையேதான் சொல்கிறேன், வேறு பாஷையில். ரியாத்தும் எனக்கு இதையேதான் சொல்கிறது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் சுதாகர், துணியை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனான். தோளில் பெரிய பை. எதிர் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் இருசப்பன் அன்றைக்கு வரவே இல்லை, போளூரில் மச்சான் வீட்டு விசேஷம். இதை நான் சொல்வதற்குள் சுதாகர் தெருமுனை தாண்டிவிட்டான். காட்பாடி போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு இவனுக்குப் போன் செய்து, மன்னித்துவிடு, இனிமேல் என்னால் முடியாது, ஊருக்குப் போகிறேன் என்றிருக்கிறான்.

இவன் கேட்டுக்கு வந்து நின்றபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டையை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருந்தான்.

"அக்கா, பெங்களூருக்குப் போன் பண்ணேன். எங்க சபைப் பெரியவர் கார்ல வர்றாரு. சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் தனியா இருக்கக் கூடாதுன்னு சொன்னாரு. முருகையன் அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னாரு. அவங்க சென்னையில கல்யாணத்துக்குப் போயிருக்காங்க."

"மேல போய்க் கதவைச் சாத்திக்கினு படு. ஒரு நாள்தானே. யாரு பாக்கப் போறாங்க?"

அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "மேலே தனியா இருந்தா நான் பையை எடுத்துக்கிட்டு ஏர்போர்ட் போயிடுவேன், அக்கா. எனக்குத் தெரியும். காலையில பாஸ்போர்ட்டை எடுத்து வெளியே வெச்சுட்டேன். எங்க அப்பா இந்த ரெண்டு வருஷ ஊழியத்தை முழுசா முடிச்சாரு. அண்ணன் முடிச்சான். எங்க ஊர்ல பாதியில வந்தவன் ஒருத்தன் இருக்கான். சர்ச்சுல அவன் பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க."

இது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சவுதிக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவனை எங்கள் தெரு எப்படிப் பார்க்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். போக வேண்டும் என்றால் போகட்டும், இருக்க வேண்டும் என்றால் இருக்கட்டும். ஆனால் அழுதுகொண்டே, யாரிடமும் சொல்லாமல், சுதாகர் மாதிரி ஓடக் கூடாது. அன்று சாயங்காலம் வரை இவனை இந்தத் தெருவை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

உள்ளே விட முடியாது, அவனும் வர மாட்டான். நீலப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக் கேட்டுக்கு வெளியே வைத்தேன். "எதுத்தாப்ல மரத்தடியில போட்டுக்கினு உக்காரு. நான் இங்கேர்ந்து பாத்துக்கினே தைக்கிறேன். நீ கூப்டா எனக்குக் கேக்கும். போதுமா?"

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மெஷினை இழுத்து வாசலைப் பார்க்கத் திருப்பினேன். கல்யாணமான நாளிலிருந்து அது சுவரைத்தான் பார்த்திருந்தது. தெருவில் போகிற வருகிறவர்கள் என்னைப் பார்க்கக் கூடாது என்று என் கணவர் போட்டுவிட்டுப் போன இடம். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் அங்கே, நான் இங்கே, நடுவில் தெரு. அவ்வப்போது நான் தலையை நிமிர்த்திப் பார்ப்பேன், அவன் கையைத் தூக்கிக் காட்டுவான். மத்தியானம் சோறும் தால்சாவும் தட்டில் போட்டுக் கேட் மேல் வைத்தேன். வந்து எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டான். இப்படியே பொழுது போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். இது திருவண்ணாமலை. மரத்தடியில் வெள்ளைச் சட்டையோடு ஒரு வெள்ளைக்காரன் மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவன் யார்?

திங்கட்கிழமை என்பதால் மலை சுற்றுகிறவர்கள் பகலிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வாங்க எங்கள் தெருவுக்குள் திரும்பிய ஆந்திரக் கோஷ்டி ஒன்று இவன் எதிரில் நின்றது. இவன் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தான். ஒரு பெரியவர் செருப்பில்லாத காலோடு வந்து தரையில் விழுந்து கும்பிட்டார். பின்னாலேயே அவர் குடும்பமே விழுந்தது. கண்ணைத் திறந்த இவன் பதறி எழுந்தான். எழுந்ததை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள்.

"நான் சாமி இல்லை. நான் சாமி இல்லைங்க."

"பாத்தியா, எவ்ளோ அடக்கம்," என்றாள் பூக்கூடையோடு நின்ற நம்ம ஊர் அம்மாள் ஒருத்தி.

ஒரு சின்னப் பெண் எட்டி அட்டையில் அவன் பெயருக்குக் கீழே இருந்த சபையின் பெயரைப் படித்தாள். "அம்மா, இயேசு கிறிஸ்துன்னு போட்டுக்கீதும்மா."

"எல்லாம் ஒண்ணுதான்டி. விழுந்து கும்புடு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊருக்குக் கடவுளைக் கொடுக்க வந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்காத ஊர், அவன் வாயை மூடி உட்கார்ந்ததும் காலில் விழுகிறது. வாழைப்பழச் சீப்பு ஒன்று காலடிக்கு வந்தது. யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். அவன் கூட்டத்துக்கு மேல் கழுத்தை நீட்டி என்னைத் தேடினான். நான் சிரித்துக்கொண்டே பாபினைத் துடைத்தேன். அது வரைக்கும் எனக்கு வேடிக்கைதான்.

அப்போது ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பில் குழந்தை, காய்ச்சலில் துவண்டிருந்தது. இவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டாள். "தொட்டுக் குடு சாமி. மூணு நாளா அனலா கொதிக்குது."

அவன் கைகள் முதலில் பின்னால்தான் போயின. குழந்தை சரிந்தது. வேறு வழியில்லாமல் பிடித்தான். அது அவன் டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் முகத்தைப் புதைத்தது. அவன் அதன் தலையில் கையை வைத்தான். அப்படியே உடைந்துவிட்டான். சத்தம் போட்டு, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை அழுகிற அழுகை.

 கூட்டத்தில் ஒருத்தி, "சாமி அழுவுது! புள்ளைக்காக அழுவுது!" என்றாள். செங்கம் ரோட்டிலிருந்து ஆட்கள் ஓடி வர ஆரம்பித்தார்கள். போன்களை எல்லாம் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். கூட்டம் மறைத்ததில் எனக்கு அவன் தெரியாமல் போய்விட்டான்.

"அக்கா!" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

துணியை அப்படியே ஊசியில் விட்டுவிட்டு எழுந்தேன். செருப்பு போடவில்லை. ஆண் துணை இல்லாமல், வீட்டைத் திறந்து போட்டுவிட்டு, அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் போனது அதுதான் முதல் தடவை. முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"போனைக் கீழ இறக்குய்யா! சாமியும் இல்ல பூதமும் இல்ல. என் வீட்டு மாடியில கீற பையன். கூட இருந்தவன் உட்டுட்டுப் போயிட்டான். அம்மா ஞாபகம் வந்து அழுவுறான். உங்க வீட்டுப் புள்ளைங்க அழுவறதில்ல? நவுருங்க!"

குழந்தையை அவனிடமிருந்து வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "இத்தத் தூக்கிக்கினு உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போ. தொட்டா எறங்குற காய்ச்சல் இல்ல இது." அவள் என்னை முறைத்தாள், ஆனால் ஆட்டோ பிடித்துப் போனாள். மற்றவர்களும் ஏமாற்றத்தோடு கலைந்தார்கள். ஆந்திரப் பெரியவர் மட்டும் போகிறபோது மறுபடியும் ஒரு கும்பிடு போட்டார், எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல்.

நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. இருசப்பன் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கல்லின் மேல், அவனுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. வாழைப்பழம் ஒன்றைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தேன். விக்கிக்கொண்டே தின்றான்.  

பொழுது சாயும்போது அவன் போன் அடித்தது. அம்மா. அவன் எழுந்து மொட்டை மாடியைப் பார்த்தான். பிறகு அங்கேயே உட்கார்ந்து எடுத்தான். அந்த அம்மாள் சமையலறையில் நின்றிருந்தாள், என் வயதுதான் இருக்கும், முடியைக்கூட வாரவில்லை. கேலப் என்று கூப்பிட்டாள். அப்போதுதான் அவனுக்கு ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. தனியாக இருக்கிறாயா என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நன்றாக இருக்கிறேன் அம்மா என்று சொல்லப்போகிறான், வழக்கமான பொய் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"இல்லம்மா, இப்போ தனியா இல்லை," என்றான் அவன் பாஷையில். "ஆனா ரொம்ப நாளா தனியாத்தான் இருக்கேன்."

அவள் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். பிறகு அவள், யார் கூட இருப்பது, காட்டு என்றாள். அவன் போனை என் பக்கம் திருப்பினான். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன்.  அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "சாப்பிட்டான். சோறு. பழம்," என்றேன். அந்த அம்மாள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். திரும்பி வர வேண்டும் என்றால் எந்த நாளும் வா, யார் என்ன சொன்னாலும் நான் உன் பக்கத்தில் உட்காருகிறேன் என்றாள்.

இருட்டுவதற்குள் பெங்களூர் கார் வந்தது. கோட்டுப் போட்ட மனிதர் ஒருவர் இறங்கி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊருக்கு இனி யாரையும் அனுப்பப்போவதில்லை, வாங்க ஆளில்லாத இடத்தில் எதற்கு என்று முன்பே முடிவாகியிருந்ததாம். பைகளைக் காரில் வைத்த பிறகு அவன் கேட்டுக்கு வந்தான்.

"ஊருக்கா?" என்றேன்.

"பெங்களூருக்கு. அப்புறம் வேற ஊருக்கு அனுப்புவாங்க. அம்மா எப்ப வேணா வரலாம்னு சொல்லிட்டாங்க அக்கா. அதனால இன்னிக்கு ஊருக்குப் போகணும்னு தோணலை."

"போய்ட்டு வா, கேலப்."

அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். இந்த நாட்டில் அவனை அப்படி யாரும் கூப்பிட்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன். கார் திரும்புகிறவரை கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனான், மரத்தடியிலிருந்து காட்டினானே, அதே மாதிரி.

மறுநாள் இருசப்பன் வந்து, என் இடத்தில் யார் கற்பூரம் கொளுத்தியது என்று சண்டை போட்டான். அதன் கறை இன்னும் போகவில்லை. மாடி காலியாகக் கிடக்கிறது. முன்பு பேச்சு இல்லாவிட்டாலும் காலடிச் சத்தமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ராத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். மெஷினை மட்டும் பழையபடி சுவர்ப்பக்கம் திருப்பவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் கூப்பிட்டார். அங்கே மத்தியானம், அவருக்கு விடுமுறை. போனை மெஷின் மேல் சாய்த்து வைத்தேன். அவருக்குப் பின்னால் அந்த இரும்புக் கட்டிலும் ஆணியில் தொங்கும் சட்டையும்.

"நல்லா கீறியா?" என்றார்.

எப்போதும் கேட்பது. எப்போதும் சொல்லும் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லைங்க. தனியா இருக்கேன். ரொம்ப நாளாவே."

 லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை, கண்ணை இமைத்தார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன். நீங்க சாப்டீங்களா?"

ஆச்சு என்பார். இத்தனை வருஷமும் ஆச்சு என்றுதான் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல ஜாஹிரா. வெள்ளிக்கிழமையில சாப்புடறதே இல்ல. ரூம்ல எல்லாரும் வெளிய போயிடுறாங்க. தனியா தட்டு முன்னால உக்காரப் பிடிக்கல."

"போனை வெக்காதீங்க," என்றேன். "அப்படியே சாய்ச்சு வெச்சுட்டுப் போய் உங்க தட்டை எடுத்தாங்க. நானும் என் தட்டை எடுத்தாறேன்."